கற்கும் ரோபோக்களும் மறுவாழ்வு மருத்துவமும்: வேலூர்ப் பகுதி மாணவர் ஆராய்ச்சிப் பணிக்குத் தயாராகும் முறை

கை கால் இயக்கம் குன்றியவர்களுக்கு உதவும் ரோபோக்களை உருவாக்குவதும், அந்த ரோபோக்கள் மனிதர் செய்வதைப் பார்த்தும் தம் அனுபவத்திலிருந்தும் கற்றுக்கொள்ளும்படி செய்வதும் இன்று ஒன்றையொன்று பிரிக்க முடியாத ஆராய்ச்சிகளாகிவிட்டன. இந்தத் துறையில் ஆராய்ச்சியாளராகவும் ஆசிரியராகவும் பணியாற்ற விரும்பும் மாணவர்களுக்காக, அவர்களிலும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துவிட்ட பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் பொறியியல் மாணவர்களுக்காக, இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எந்தக் கல்லூரி, எந்த மதிப்பெண், எந்த நாடு என்ற கேள்விகளுடனேயே மாணவர்கள் வருகிறார்கள். அவற்றுக்கும் விடை சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு முன்பாக ஒன்றை வலியுறுத்த வேண்டும்: யாருக்காகக் கருவி செய்கிறோமோ அவருடைய உடலையும் அன்றாடத்தையும் அருகிலிருந்து அறிந்த பிறகே ஆராய்ச்சிக் கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிரலெழுதுவதை வீட்டிலிருந்தே கற்கலாம். எந்தக் கேள்வி ஐந்தாண்டு உழைப்புக்குத் தகுதியானது என்பது சிகிச்சைக் கூடத்தில்தான் தெரியவரும்.

வேலூரில் இருப்பதன் பயன்

உலகின் பல பல்கலைக்கழகங்களில் ரோபோ ஆய்வகம் ஓரிடத்திலும் மறுவாழ்வு மருத்துவமனை வேறோர் ஊரிலும் இருக்கின்றன. சிகாகோவில் 2017இல் ஷெர்லி ரயன் எபிலிட்டி லேப் என்ற புதுப் பெயருடன் புதுக் கட்டடத்துக்கு மாறிய மறுவாழ்வு மருத்துவமனை, ஆராய்ச்சியாளர்களைச் சிகிச்சை நடக்கும் தளங்களிலேயே அமர்த்தியது பெரிதாகப் பேசப்பட்டதற்கு அதுவே காரணம். நம் ஊரிலோ காட்பாடியிலுள்ள வி.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கும் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு 15 கிலோமீட்டருக்குள்தான். தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி பாகாயத்திலேயே இருக்கிறது. தொழுநோய்க்கான கரிகிரி மருத்துவமனை காட்பாடிக்கு அப்பால் 1955 முதல் இயங்கி வருகிறது. இந்த அண்மையின் மதிப்பை இங்கே படிக்கும் மாணவர்கள் பலர் வெளிநாடு சென்ற பிறகே உணர்கிறார்கள்.

அண்மையோடு ஒரு மரபும் இருக்கிறது. 1940களின் இறுதியில் சி.எம்.சி.யில் பணியாற்றிய அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளில், செயலிழக்காத ஒரு தசையின் தசைநாணை இடம் மாற்றி இணைத்து விரல்களை மீண்டும் இயங்கவைத்தார். அறுவை முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. வேறொரு செயலுக்குப் பழகியிருந்த தசையை விரலுக்காக இயக்க நோயாளியின் மூளை புதிதாகக் கற்க வேண்டும். மனிதரின் கட்டளைக்கும் கருவியின் அசைவுக்கும் இடையிலான தொடர்பை மாற்றியமைத்து, இரு தரப்பும் அதற்குப் பழகிக்கொள்வதை இன்று ரோபோ ஆய்வாளர்கள் கணிதமாக எழுதுகிறார்கள். அது இந்த ஊரின் அறுவை அரங்குகளிலும் பயிற்சிக் கூடங்களிலும் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் சிக்கல்தான். 1954இல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை அறுவைச் சிகிச்சைகள் செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து அத்துறையை இங்கே கட்டியெழுப்பினார். பாகாயம் நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. கருவியைப் பயன்படுத்துபவரே அதை வடிவமைப்பவராகவும் இருக்க வேண்டும் என்று இன்றைய மாநாடுகளில் வற்புறுத்தப்படும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

அண்மைக் காலத்தில் சி.எம்.சி.யின் உயிரிப் பொறியியல் துறையினரும் சென்னை ஐ.ஐ.டி.யினரும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூட்டோ என்ற கருவியைப் பற்றிய கட்டுரைகளை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஒரே ஒரு மோட்டாரை வைத்துக்கொண்டு, பொருத்தும் கைப்பிடியை மட்டும் மாற்றி, மணிக்கட்டு, முன்கை, விரல்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பயிற்சி தரும் அமைப்பு அது. எத்தனை மூட்டுகளை இயக்க முடியும் என்று போட்டியிடும் துறையில், எத்தனை குறைவான உறுப்புகளால் ஒரு மருத்துவமனைக்குப் போதுமானதைச் செய்ய முடியும் என்று கேட்ட வடிவமைப்பு என்பதால் அதை உயர்வாக மதிக்கிறேன்.

சிகிச்சைக் கூடத்தில் கற்க வேண்டியவை

மூன்றாம் ஆண்டிலேயே இதைத் தொடங்குவது நல்லது. துறைத்தலைவர் வழியாக மறுவாழ்வுப் பிரிவுக்கு முறையான கடிதம் எழுதி, பார்வையாளராக இருக்க அனுமதி கேளுங்கள். கடிதத்தில் உங்கள் கருவியைப் பற்றி எழுத வேண்டாம். கற்க வருகிறேன் என்று மட்டும் எழுதுங்கள். அனுமதி கிடைத்தால் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, பிசியோதெரபிஸ்ட் எங்கே நிற்கச் சொல்கிறாரோ அங்கே நில்லுங்கள். சிகிச்சை நடக்கும்போது குறுக்கே பேசாமல், முடிந்தபின் அவருக்கு நேரமிருக்கும்போது கேளுங்கள். நோயாளியின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதக் கூடாது. படம் எடுக்கவே கூடாது.

பக்கவாதத்தால் இறுகி மூடிக்கொண்ட ஒரு கையை அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் எப்படித் திறக்கிறார் என்று கூர்ந்து பாருங்கள். விரல்நுனிகளைப் பிடித்து அவர் இழுப்பதில்லை. மணிக்கட்டை முதலில் உள்நோக்கி மடக்கிக்கொள்கிறார். அதனால் விரல்களை மடக்கும் தசைநாண்கள் தளர்கின்றன. பிறகு கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து மெல்ல வெளியே விலக்குகிறார். அதன் பின்னரே மற்ற விரல்கள் விரிகின்றன. விரிந்த விரல்களை விடாமல், மணிக்கட்டை மெதுவாக நிமிர்த்துகிறார். இதே வேலையை வேகமாகச் செய்தால் தசை உடனே எதிர்த்து இறுகும், ஏனெனில் இந்த இறுக்கம் நீட்டும் வேகத்தைப் பொறுத்துக் கூடுவது. ஒரு ரோபோவுக்கான கட்டுப்பாட்டு விதிகள் அனைத்தும் இந்த அரை நிமிடத்துக்குள் இருக்கின்றன: எந்த மூட்டு முதலில், எந்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது, எதிர்ப்பு தென்பட்டால் காத்திருப்பதா பின்வாங்குவதா என்பவை எல்லாம். இவற்றைப் பார்க்காமல் கையுறை ரோபோ செய்பவர்கள் விரல்நுனியில் கம்பி கட்டி இழுக்கும் வடிவத்தையே மீண்டும் மீண்டும் செய்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கவாதம் வந்தவர் எதிரிலுள்ள டம்ளரை எட்டி எடுக்கும்போது, தோளும் முழங்கையும் ஒத்துழைக்காததால் உடம்பையே முன்னால் சாய்த்து எட்டுவார். கை இலக்கை அடைந்ததா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் தரும் ஒரு கற்றல் முறையை நீங்கள் எழுதினால், ரோபோ இந்தச் சாய்வையே பாராட்டி வளர்க்கும். சிகிச்சையாளரோ அதைத்தான் குறைக்கப் பாடுபடுகிறார். மதிப்பெண் கூடும்படி செய்து செய்து கற்கும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் படித்த மாணவருக்கு, அந்த மதிப்பெண்ணை வகுக்கும் வெகுமதிச் சார்பு என்றால் என்ன என்பது தெரியும். அதில் எதை எழுத வேண்டும் என்று இங்கேதான் தெரியும்.

மருத்துவர்கள் அளக்கும் முறைகளையும் பழகிக்கொள்ள வேண்டும். 1975இல் வெளியான ஃபியூகல்-மேயர் என்ற பக்கவாத இயக்க அளவீட்டில் கைக்கான முழு மதிப்பெண் 66. அதன் ஒவ்வோர் உருப்படியையும் ஒரு பயிற்சியாளர் சோதிக்கும்போது அருகிலிருந்து பார்த்திருந்தால், அந்த எண் இரண்டோ மூன்றோ கூடியது என்று கட்டுரையில் படிக்கும்போது அதற்கு என்ன பொருள், என்ன பொருள் இல்லை என்று உங்களால் சொல்ல முடியும். அசைவு எவ்வளவு சீராக இருக்கிறது என்பதை வேகத்தின் அலைமாலையிலிருந்து, அதாவது அதில் எந்த அதிர்வெண்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதிலிருந்து, கணக்கிடும் ஸ்பார்க் என்ற அளவீடு இன்று இத்துறையில் பரவலாகப் பயன்படுகிறது. அதை உருவாக்கியதில் முன்னின்ற ஆய்வாளர் சி.எம்.சி.யில் பணியாற்றுபவர் என்பதை இவ்வூர் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சிகிச்சையாளரிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வாங்கிவைத்தும் பயன்படுத்தாமல் அலமாரியில் கிடக்கும் கருவி எது, ஏன்? பொருத்தவே கால் மணி நேரம் ஆகிறது, பட்டைகளைத் துவைக்க முடியவில்லை, மே மாத வெயிலில் வியர்வையால் உறை தோலில் ஒட்டிக்கொள்கிறது, பழுதானால் உதிரிபாகம் கிடைப்பதில்லை என்று வரும் விடைகள் உங்களுக்கு எந்தப் பாடநூலிலும் கிடைக்கமாட்டா.

கணிதமும் நிரலும் கைவேலையும்

நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, இயக்கவியல், கட்டுப்பாட்டுக் கோட்பாடு ஆகிய நான்கிலும் அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசமாகக் கிடைப்பதால் கல்லூரியில் கற்றுத்தருபவர் இல்லை என்ற குறை இதற்குப் பொருந்தாது. நான்கிலும் மாணவர்கள் அதிகம் ஒதுக்குவது இயக்கவியலையும் கட்டுப்பாட்டையும்தான். மறுவாழ்வு ரோபோவுக்கு அவையே உயிர். 1985இல் நெவில் ஹோகன் முன்வைத்த இம்பிடன்ஸ் கட்டுப்பாடு, ரோபோவின் இருப்பிடத்தை மட்டும் கட்டளையிடாமல், தள்ளினால் அது எவ்வளவு இணங்கிக் கொடுக்க வேண்டும் என்பதையும் வகுத்தது, எம்.ஐ.டி.யில் அவரும் ஹெர்மனோ க்ரெப்ஸும் உருவாக்கிய எம்.ஐ.டி.-மேனஸ் என்ற கைப்பயிற்சி ரோபோ அந்தக் கருத்தின் மேல் நின்றது. கற்றல் முறை எவ்வளவு புதியதாயினும், நோயாளியின் தோலைத் தொடும் கடைசி அடுக்கில் இன்றும் இதுவே வேலை செய்கிறது.

கற்றல் பகுதியில், செய்துகாட்டுவதைப் பார்த்துக் கற்கும் இமிட்டேஷன் லேர்னிங்கிலிருந்து தொடங்குங்கள். 1989இல் ஆல்வின் என்ற நரம்பு வலையமைப்பு, மனிதர் வண்டி ஓட்டுவதைப் பார்த்துத் திசைதிருப்பக் கற்றது. அந்த முறையில் ஒரு சிறு பிழை, ரோபோவை அது இதுவரை பார்த்திராத நிலைக்குக் கொண்டுபோகும். அங்கே அது இன்னும் பெரிய பிழை செய்யும். பிழைகள் இப்படி அடுக்கடுக்காகப் பெருகும். ரோபோ தவறிப்போகும் நிலைகளிலேயே, செய்துகாட்டும் ஆசிரியரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்பது என்று 2011இல் வந்த டாகர் முறை இதற்குத் தீர்வு சொன்னது. இப்போது இதை மறுவாழ்வுக்குப் பொருத்திப் பாருங்கள்: ஆசிரியராக இருப்பவர் தண்டுவடக் காயம் பட்டவர் என்றால், சற்று நேரத்தில் சோர்ந்துவிடுவார், திரும்பத் திரும்பக் கேட்க முடியாது, அவர் ஜாய்ஸ்டிக்கில் காட்டும் வழி நடுக்கமும் தயக்கமும் கலந்தது. ஆயிரக்கணக்கான செய்துகாட்டல்களை நம்பி வளர்ந்த முறைகள் இங்கே அப்படியே செல்லுபடியாகா. குறைந்த தரவில் கற்பது இத்துறைக்கே உரிய சவால். அதை ஏற்றுக்கொள்பவருக்கு நீண்ட காலத்துக்குச் செய்ய வேலை இருக்கிறது.

ரோபோவைக் கணினிக்குள்ளேயே இயக்கிப் பார்க்கும் பாவனை மென்பொருள்களில் மூஜோகோ 2022இலிருந்து திறமூலமாகவே கிடைக்கிறது. உணவூட்டல், நீர் புகட்டல், உடுத்திவிடல், உடல் துடைத்தல், அரிப்பெடுக்கும் இடத்தில் சொறிந்துவிடல் போன்ற பணிகளைக் கொண்ட அசிஸ்டிவ் ஜிம் 2020இல் வந்தது. அரிப்பெடுக்கும் இடத்தைச் சொறிவது ஒரு ஆராய்ச்சிப் பணியா என்று வியப்பவர்கள், கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவரிடம் பேசிப் பார்க்க வேண்டும். தசை, எலும்புகளின் இயக்கத்தைக் கணக்கிட ஓப்பன்சிம் உதவும். ரோபோக்களுக்கு நிரலெழுதப் பயன்படும் ஆர்.ஓ.எஸ். 2 என்ற மென்பொருள் தொகுப்பைப் பழகிக்கொள்வது கட்டாயம்.

கூடவே கையால் ஒன்றைச் செய்யுங்கள். ஒரே ஒரு மூட்டு, ஒரு மோட்டார், கோணத்தை அளக்கும் என்கோடர், விசையை அளக்கும் லோடுசெல் இவை போதும். சென்னை ரிச்சி தெருவில் இவை எல்லாம் கிடைக்கும். ஒரு சுருள்வில்லைப் போல அது இணங்கிக் கொடுக்கும்படி நிரலெழுதி, உங்கள் கையை அதில் வைத்து உணருங்கள். உடலில் பொருத்தும் பட்டைகளுக்கு வட ஆர்க்காட்டில் இருப்பவர்களுக்கு வேறு எவருக்கும் வாய்க்காத துணை ஒன்று உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் தோல் தைப்பவர்கள், எந்தத் தோல் வியர்வையில் விறைக்கும், தையல் எந்தப் பக்கம் வந்தால் சதையை அறுக்கும், ஓரத்தை எப்படிச் சீவி மடித்தால் அழுத்தாது என்பவற்றை விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். கரிகிரியில் உணர்ச்சியற்ற பாதங்களுக்குச் செருப்பு செய்பவர்களிடம் இதைவிடவும் நுட்பமான அறிவு இருக்கிறது, ஏனெனில் அந்தச் செருப்பை அணிபவருக்குப் புண் வரும்வரை வலி தெரியாது. தண்டுவடக் காயம் பட்டவருக்கு, உடலுக்கு வெளியே அணியும் இயந்திரச் சட்டகமான எக்ஸோஸ்கெலிட்டன் செய்பவர் எதிர்கொள்ளும் சிக்கலும் அதுவே. அவர்களிடம் போய்க் கேளுங்கள். கட்டுரையின் நன்றியுரையில் அவர்களைக் குறிப்பிடுங்கள்.

கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

சக்கர நாற்காலியில் பொருத்தும் ரோபோக் கை ஒன்றுக்கு ஆறு மூட்டுகளும் விரல்களும் இருக்கும். அதை இயக்கும் ஜாய்ஸ்டிக்கோ முன்பின், இடவலம் என்று இரண்டு திசைகளில் மட்டும் அசையும். ஆகவே பயன்படுத்துபவர் ஒரு பொத்தானை அழுத்தி அழுத்தி, இப்போது கையை நகர்த்துகிறேன், இப்போது மணிக்கட்டைத் திருப்புகிறேன், இப்போது விரலை மூடுகிறேன் என்று நிலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாயால் உறிஞ்சியும் ஊதியும் இயக்கும் கருவியாக இருந்தால் இது இன்னும் கடினம். ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கப் பல நிமிடங்கள் ஆகும். அவர் எதை நோக்கிப் போகிறார் என்று ரோபோ ஊகித்து மீதியைத் தானே செய்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்தது கட்டுப்பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஆராய்ச்சி. ரோபோ எல்லாவற்றையும் செய்துவிட்டால் போதுமே என்று பொறியியல் மாணவர் நினைப்பார். 2012இல் தண்டுவடக் காயம் பட்டவர்களுடன் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், தானியங்கி முறைக்கு உழைப்பு குறைவாக இருந்தும், தாமே இயக்கியவர்களுக்குத்தான் மனநிறைவு அதிகமாக இருந்தது. இந்த ஒரு முடிவு எத்தனையோ ஆய்வேடுகளுக்கு அடித்தளமாகக் கூடியது. எவ்வளவு உதவி, எப்போது உதவி, அதைத் தீர்மானிப்பது யார் என்பவையே இத்துறையின் ஆழமான கேள்விகள் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சி தரும் ரோபோக்களிலும் இதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. ரோபோ அதிகமாக உதவினால் நோயாளியின் தசைகள் தம் முயற்சியைக் குறைத்துக்கொள்கின்றன. உழைப்பில்லாமல் மூளை கற்பதில்லை. ஆகவே தேவைப்படும் அளவுக்கு மட்டும் உதவி, தேறத் தேற உதவியைக் குறைக்கும் முறைகள் வகுக்கப்பட்டன. அப்படியிருந்தும், 770 பேரைச் சேர்த்து பிரிட்டனில் நடத்தப்பட்டு 2019இல் முடிவு வெளியான ராட்டல்ஸ் ஆய்வில், ரோபோப் பயிற்சி பெற்றவர்களின் கைச் செயல்பாடு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேம்படவில்லை. இத்துறைக்கு வரும் மாணவர் ஒவ்வொருவரும் அந்தக் கட்டுரையை முழுமையாகப் படித்து, அதற்குப் பிறகும் ஏன் இதைச் செய்கிறேன் என்று தமக்குத் தாமே தெளிவாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். விடை இருக்கிறது: சிகிச்சையாளர் எட்ட முடியாத இடங்களில், அவர் தர முடியாத அளவு நேரத்துக்குப் பயிற்சி தருவது, நுட்பமாக அளப்பது, இயக்கமே திரும்பாதவருக்கு அன்றாடத்தில் உதவுவது. ஆனால் அதை ஒவ்வொருவரும் தம் ஆய்வின் மூலமே நிறுவ வேண்டும்.

நம் வாழ்க்கையிலிருந்து எழும் கேள்விகளைச் சிறியவை என்று ஒதுக்க வேண்டாம். உணவூட்டும் ரோபோக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி, முள்கரண்டியால் பழத்துண்டையோ காய்த்துண்டையோ குத்தி எடுப்பதைப் பற்றியது. குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு குத்தினால் வராது, அள்ளினால் சிந்தும், ஆறினால் கெட்டிப்படும், ரசம் ஊற்றினால் முற்றிலும் வேறு பொருளாகிவிடும். ஒரு வாய்ச் சோற்றை இலையிலிருந்து எடுத்து வாயருகே கொண்டுபோவது, உருமாறும் பொருள்களைக் கையாளும் ரோபோக் கற்றலில் எவரும் மதிக்கும் அளவுக்குக் கடினமான சிக்கல். தரையில் அமர்ந்து எழுவது, வாசற்படி உயரமான வீட்டில் சக்கர நாற்காலி நுழைவது, மின்சாரம் நின்றுபோனால் கருவி எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பது ஆகியவையும் அப்படியே.

நோயாளிகளோடு ஆய்வு நடத்துதல்

நலமான மாணவர்களைக் கண்ணைக் கட்டியும் கையைக் கட்டியும் சோதித்துவிட்டு, இது மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் என்று முடிக்கும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. தொடக்கச் சோதனைக்கு அது சரி. அதோடு நிற்கக் கூடாது. நோயாளிகளோடு ஆய்வு நடத்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதலை முழுவதும் படியுங்கள். சிகிச்சையாக அமையும் ஆய்வு என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவுசெய்ய வேண்டும். ஒப்புதல் கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், கருவி முடிவதற்குக் காத்திராமல் விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தை எளிய தமிழில் எழுதுவது தனித் திறமை. வேலூர் மருத்துவமனைகளுக்கு ஆந்திரத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மக்கள் வருவதால் தெலுங்கு, வங்காளம், இந்தி, உருது ஆகியவற்றிலும் படிவம் தேவைப்படும். கையெழுத்துப் போடக் கை இயங்காதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆகியோரிடம் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு ஒப்புதல் பெற வேண்டும். ஆய்விலிருந்து விலகினாலும் சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராது என்பதை அவர் நம்பும்படி சொல்லுங்கள். மருத்துவரின் மனம் கோணக்கூடாது என்பதற்காகவே ஒப்புக்கொள்பவர்கள் நம் ஊரில் உண்டு. பேருந்துச் செலவையும், கூட வருபவரின் ஒரு நாள் கூலி இழப்பையும் நிதித்திட்டத்தில் முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும்.

பாதுகாப்பு பற்றி ஒரே ஒரு எடுத்துக்காட்டு. இத்தகைய ரோபோக்களில் பொதுவாக அவசரத்தில் நிறுத்தச் சிவப்புப் பொத்தான் உண்டு. கை இயங்காதவர் அதை எப்படி அழுத்துவார்? தலையசைவா, குரலா, மூச்சா, அல்லது அருகில் எப்போதும் ஒருவரா? இதற்கு விடை எழுதாமல் கருவியை நோயாளியின் அருகே கொண்டுபோகாதீர்கள். மறுவாழ்வு ரோபோக்களுக்கென்று ஐ.இ.சி. 80601-2-78 என்ற பன்னாட்டுத் தரநிலை 2019இல் வந்தது. இந்தியாவின் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இல் வந்தவை. இரண்டையும் மாணவராக இருக்கும்போதே ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவது பின்னாளில் உதவும்.

முனைவர் பட்டமும் அதற்குப் பிறகும்

பி.இ. முடித்தவர்களுக்கு இந்தியாவில் முதல் வாயில், பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் (GATE) தேர்வு. சென்னை ஐ.ஐ.டி., சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்., பொறியாளரை மருத்துவமனைக்குள் அழைத்துச் செல்லும் அரிய படிப்பு. சென்னை ஐ.ஐ.டி.யிலேயே உள்ள ஆர்2டி2 என்ற மறுவாழ்வுக் கருவி மையம், 2019இல் எழுந்து நிற்க உதவும் அரைஸ் சக்கர நாற்காலியை வெளிக்கொண்டுவந்தது. ரோபோக் கற்றலுக்கு பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆகியவற்றையும் பாருங்கள். உதவித்தொகையில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்; பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை 2018இல் தொடங்கியபோதே முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 70,000 என்று வகுக்கப்பட்டது.

அமெரிக்காவில் பி.இ. முடித்தவுடனேயே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணமும் வாழ்க்கைச் செலவும் பெரும்பாலும் ஆய்வு நிதியிலிருந்து வரும். கடைசி நாள் பல இடங்களில் டிசம்பரில். ஐரோப்பாவில் பொதுவாக முதுநிலைப் பட்டம் வேண்டும், ஆய்வு இடங்கள் வேலை விளம்பரங்களாகவே வரும். விண்ணப்பக் கட்டுரையில் சிறுவயது முதலே ரோபோ மீது ஆர்வம் என்று தொடங்காமல், பாகாயத்தில் ஒரு சிகிச்சையாளர் சொன்ன எந்தச் சிக்கல் உங்களை ஒரு கேள்விக்குக் கொண்டுவந்தது, அதற்கு என்ன செய்து பார்த்தீர்கள், என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் தருபவர்களில் ஒருவராவது உங்கள் வேலையை நேரில் பார்த்த மருத்துவராகவோ சிகிச்சையாளராகவோ இருந்தால் அது தனித்துத் தெரியும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட, அவருக்கு எந்த மருத்துவமனையோடு நடைமுறையில் உறவிருக்கிறது, அவருடைய மாணவர்கள் உண்மையான நோயாளிகளோடு ஆய்வு முடித்திருக்கிறார்களா, முடிக்க எத்தனை ஆண்டு ஆனது என்று பாருங்கள். இதை அவரிடம் கேட்பதைவிட அவருடைய இப்போதைய மாணவர்களிடம் கேட்பது நல்லது. நம் ஊரில் வழிகாட்டியிடம் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்களுக்கு இது தயக்கமாக இருக்கும், ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

கட்டுரை வெளியிடுவதில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. கற்றல் ஆய்வாளர்கள் 2017இல் தொடங்கிய கோர்ல், மற்றும் ஆர்.எஸ்.எஸ்., இக்ரா, ஐரோஸ் மாநாடுகளைப் பார்ப்பார்கள். மறுவாழ்வு ஆய்வாளர்கள் இக்கோர் மாநாட்டையும் மருத்துவப் பொறியியல் ஆய்விதழ்களையும் பார்ப்பார்கள். முன்னவர் உங்களிடம் புதிய முறை எங்கே என்று கேட்பார். பின்னவர் எத்தனை நோயாளிகள், ஒப்பீட்டுக் குழு எங்கே என்று கேட்பார். ஒரே சோதனையின் முடிவுகளை இரண்டாகப் பிளக்காமல், முறையை ஒரு கட்டுரையாகவும் அதன் மருத்துவச் சோதனையைப் பின்னர் வரும் முழுக் கட்டுரையாகவும் தொடக்கத்திலேயே திட்டமிடுங்கள். சிறு எண்ணிக்கையிலான பங்கேற்பாளர்களுக்கு ஏற்ற புள்ளியியலை ஒரு புள்ளியியலாளரிடம் உட்கார்ந்து கற்பது, இன்னொரு நரம்பு வலையமைப்பைக் கற்பதைவிடப் பயன் தரும்.

ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் உதவிப் பேராசிரியராகச் சேர, முனைவர் பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு அனுபவம் கேட்பது வழக்கம். ஆகவே பட்டத்துக்குப் பின் ஆய்வாளராகப் பணியாற்றும் போஸ்ட்டாக் காலத்தை, இதுவரை உங்களிடம் இல்லாத பாதியைக் கற்கச் செலவிடுங்கள். கற்றலில் பட்டம் பெற்றவர் மருத்துவமனை சார்ந்த ஆய்வகத்துக்கும், கருவியில் பட்டம் பெற்றவர் கற்றல் ஆய்வகத்துக்கும் செல்லலாம். பணியில் சேர்ந்ததும், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தொடக்கநிலை நிதிகளுக்கு விண்ணப்பியுங்கள். கருவியைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் எண்ணமிருந்தால், உயிரித் தொழில்நுட்பப் புத்தாக்கத்துக்கு உதவும் அரசு நிறுவனமான பைராக்கின் நிதியும் உண்டு. முதல் நிதியில் விலையுயர்ந்த ரோபோக் கையை வாங்குவதற்கு முன், மருத்துவமனையில் பாதி நேரம் உங்கள் ஆய்வுக்கென்றே இருக்கக்கூடிய ஒரு பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். நோயாளிகளைச் சேர்ப்பது, அளவிடுவது, அவர்கள் மீண்டும் வரச்செய்வது, கருவி எங்கே உறுத்துகிறது என்று உங்களிடம் ஒளிக்காமல் சொல்வது அனைத்தும் அவராலேயே நடக்கும். அவருடைய பெயர் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும் என்பதையும் முதல் நாளிலேயே எழுத்தில் முடிவுசெய்துவிடுங்கள்.